தீட்டுப்பட்ட கார்!

"கார் வாங்கிவிட்டாராமே?"

"ஆம், வாங்கிவிட்டார்."

"புதியதுதானே?"

"இல்லை, நாலாண்டு ஓடியது."

"ஓ... அப்படியா!"

அந்த 'அப்படியா' என்னும் ஒற்றைச் சொல்லில் ஓராயிரம் ஏளனம் ஒளிந்து கிடக்கிறது. புருவம் மேலே போகிறது. குரல் கீழே இறங்குகிறது. வாங்கியவரின் வாழ்க்கைத் துணைவியோ, "இப்போதைக்கு இது போதுமென்று..." என இழுக்கிறார், குற்றவாளிக் கூண்டில் நின்று வாக்குமூலம் தருபவரைப் போல! என்ன குற்றம் இழைத்துவிட்டார் அவர்? களவாடினாரா? கையூட்டுப் பெற்றாரா? கணக்குப் போட்டார், கையிலிருந்த பொருளுக்கேற்ற வண்டியைத் தேர்ந்தார். அதற்கா இத்துணைத் தலைகுனிவு?

புதிய கார் வாங்குவதா, ஓடிய கார் வாங்குவதா என்பது வணிகர் வாயிலில் தீர வேண்டிய வழக்கு, சமுதாயச் சீர்திருத்தம் பேசும் ஏட்டிலே அதற்கென்ன இடம் என்று வினவும் நண்பர்கள் உண்டு. வணிக வழக்காக மட்டும் இருந்திருந்தால் நாமும் வாய் திறந்திருக்க மாட்டோம். கூட்டலும் கழித்தலும் கொண்டு முடிவு காண வேண்டிய ஒன்றை, நம் நாட்டில் தீட்டும் சகுனமும் திருஷ்டியும் தீர்த்து வைக்கின்றன. காகிதமும் பேனாவும் வேலை செய்ய வேண்டிய இடத்திலே கற்பூரமும் எலுமிச்சையும் குந்தியிருக்கின்றன. ஆகவேதான் பேசுகிறோம்.

ஓடிய காரை வேண்டாமென்று ஒதுக்குபவரை அருகழைத்து, ஏனய்யா என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சின் பழுதாகுமே என்று சொன்னால் அது அறிவுள்ள பதில். அதற்கு மறுமொழி பின்னர் தருவோம். ஆனால் பலர் நாவில் முதலில் வருவது அதுவல்ல. "பிறர் உட்கார்ந்த வண்டியாயிற்றே!" என்பர். "எந்த வீட்டு வண்டியோ, எப்படிப்பட்டவர்கள் ஏறினார்களோ!" என்பர். எப்படிப்பட்டவர்கள் என்றால் என்ன பொருள்? மனிதர்கள்தாமே ஏறியிருப்பார்கள்! 'எப்படிப்பட்ட' என்ற சொல்லுக்குள்ளே எதைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று. தேநீர்க் கடையிலே தனிக் குவளை வைத்த அதே மனம், தெருவிலே செருப்பணிந்து நடக்காதே என்ற அதே மனம், இன்று தோலாடையிட்ட காரிருக்கையிலும் தீட்டைத் தேடுகிறது. குவளை போயிற்று, கொள்கை போகவில்லை!

சரி, பிறர் கைபட்டது ஆகாதென்றால் இவர்கள் எதைத் தொட்டு வாழ்கிறார்கள்? சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாள் எத்தனை கை மாறி வந்தது? மீன் விற்ற கை, சாக்கடை இறங்கிய கை, பிணம் சுட்ட கை, எல்லாக் கையும் தொட்டதுதானே? அதை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே! கழுத்திலே மின்னும் தங்கம், உருகி உருகி எத்தனை கழுத்துகளை விட்டு வந்ததோ, யாரறிவார்? வீட்டுமனைக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். முப்பது ஆண்டில் முந்தைய உடையவர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த மண்ணைத் 'தாய்' என்கிறார்கள். மண் கை மாறினால் தாய், மோட்டார் கை மாறினால் தீட்டு! இது எந்த ஊர் நீதி?

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். "ஒருவர் ஓட்டியதை நாம் ஓட்டுவதா?" என்று எள்ளுகிறார்களே, அந்த வாய்மொழி எங்கே பிறந்தது? கைம்பெண்ணைக் காட்டி, மணமுறிவு பெற்றவளைக் காட்டி இந்தச் சமுதாயம் காலமெல்லாம் பேசிய பேச்சல்லவா அது! பெண்ணைப் பொருளாக்கிப் பேசிய பழக்கம், இப்போது பொருளுக்குக் கன்னிமை கற்பிக்கும் பழக்கமாக உருமாறி நிற்கிறது. இரும்புக்கு மானமில்லை, ஆதலால் இரும்பை எள்ளுவதால் இரும்புக்கு இழப்பில்லை. ஆனால் அதே சொல் மாலையில் வீடு திரும்பி, மறுமணம் செய்துகொண்ட மகளின் செவியில் விழுகிறது.

திருமணச் சந்தைக்கு வாருங்கள். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் வந்தும், மாப்பிள்ளை வீட்டாரின் பட்டியலிலிருந்து கார் இறங்கவில்லை; பெயர் மட்டும் 'அன்பளிப்பு' ஆயிற்று. அதிலும் புதிய கார்தான் வர வேண்டும்! பெண்ணின் தந்தை ஓடிய வண்டி தருகிறேன் என்றால் குடும்ப மானமே கப்பலேறிவிடுமாம். பிறர் உழைப்பில் வந்த பணத்தைப் பல்லிளித்து வாங்கும்போது போகாத மானம், பிறர் ஓட்டிய வண்டியை வாங்கும்போது போய்விடுகிறது!

'இது நம் மரபு, பழையதை நம்மவர் என்றும் விரும்பியதில்லை' என்று சிலர் சாதிக்கக் கூடும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உரிமமும் ஒதுக்கீடும் ஆட்சி செய்த காலத்தை நினைவுக்குக் கொணருங்கள். 1960களிலும் 70களிலும் இந்நாட்டில் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணத்தக்க வண்டிகளே செய்யப்பட்டன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்நாளில் ஓடிய பியட் காருக்கு, புதிய காரின் அரசு நிர்ணய விலையைக் காட்டிலும் கூடுதல் விலை கொடுத்து, வரிசையில் நின்று வாங்கினார்கள். வாங்கியவர் யார்? இன்று மூக்கைப் பிடிக்கும் அதே மேட்டுக்குடியினர்! அன்று தீட்டு எங்கே போயிருந்தது? பொருள் கிடைக்காதபோது பழையது அமுது. கடைவாயில் திறந்தவுடன் பழையது எச்சில். ஆக, மரபுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.

கோவை ஜி.டி.நாயுடு அவர்களை அறியாதார் யார்? ஓட்டலிலே பரிமாறும் வேலை செய்து, காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார் அந்த இளைஞர். வாங்கி என்ன செய்தார்? பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டார், ஒவ்வொன்றும் எதற்கென்று கண்டறிந்தார், மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, பின்னர் தொழிற்கூடங்கள் கண்டவர், தொடங்கியது ஓடிய வண்டியில்! திருகாணியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்த அந்தக் கையே மோட்டாருக்கு ஏற்ற கை.

இன்றைய கைகளோ எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கார் எடுக்க நாள் பார்க்கிறார்கள். இராகுகாலம் கழியட்டுமென்று காட்சிக்கூட வாயிலிலே காத்துக் கிடக்கிறார்கள். பதிவெண்ணைக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் நடுங்குகிறார்கள், சனியாம்! அரசின் பதிவேட்டிலே வரிசையாக வந்து விழும் எண்ணுக்குள் சனி எப்படிப் புகுந்தான் என்று எவரும் கேட்பதில்லை. வேறு எண்ணுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். 2025 செப்டம்பரில் தில்லியில் நடந்ததை நாளேடுகளில் கண்டிருப்பீர்கள். காட்சிக்கூடத்தின் முதல் மாடியிலே நின்றிருந்த புத்தம் புதிய வண்டியின் சக்கரத்தால் எலுமிச்சையை நசுக்க முற்பட்டார் ஓர் அம்மையார். விசைமிதி மிகையாக அழுந்திற்று. வண்டி கண்ணாடிச் சுவரைப் பிளந்துகொண்டு கீழே நடைபாதையில் விழுந்தது. நல்லவேளையாகப் பெருங்காயமில்லை. எலுமிச்சை காக்கவில்லை, காற்றுப்பை விரிந்தது. அந்தக் காற்றுப்பையைக் கண்டுபிடித்தவன் நாள் பார்த்தா கண்டுபிடித்தான்?

இனிக் கணக்குக்கு வருவோம். காகிதம் எடுங்கள்.

காட்சிக்கூட விலை 8 இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வீதப்படி, 5 இலட்சத்திற்கு மேல் 10 இலட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 விழுக்காடு. அதாவது 1,04,000 ரூபாய். காப்பீடு, பதிவு, பிற செலவுகள் சேர்த்தால் ஒன்பதரை இலட்சமின்றி வண்டி தெருவுக்கு வாராது. கையிலிருப்பது 2 இலட்சம். மீதி ஏழரை இலட்சத்துக்கு 9 விழுக்காட்டு வட்டியில் ஏழாண்டுக் கடன். மாதத் தவணை சற்றேறக்குறைய 12,070 ரூபாய், 84 மாதம். கூட்டிப் பாருங்கள்: கடனுக்காக மட்டும் கட்டுவது 10 இலட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேல். கைப்பணத்தையும் சேர்த்தால் 12 இலட்சத்து 13 ஆயிரம். 8 இலட்ச ரூபாய் வண்டிக்கு!

அந்த வண்டி என்ன ஆகிறது? காப்பீட்டு நிறுவனங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் தேய்மான அட்டவணை ஒன்றுண்டு. ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நாலாண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50. நாம் இட்டுக் கட்டியதன்று. வண்டி களவு போனால் உங்களுக்குத் தரும் தொகையை அவர்கள் இதைக் கொண்டுதான் கணிக்கிறார்கள். நாலாண்டு முடியும் தறுவாயில் 8 இலட்சத்தில் 3 இலட்சத்து 20 ஆயிரம் ஆவியாகிவிடுகிறது. ஆவியானது யாருடைய பணம்? முதலில் வாங்கியவருடையது. அதற்குமேல் அவர் கட்டிய வாழ்நாள் வரி இருக்கிறதே, அது வண்டியோடு போகிறது. இம்மாநிலத்துக்குள் அடுத்து வாங்குபவர் அதை மீண்டும் கட்டுவதில்லை. முதலாமவர் கட்டிய வரியிலே இரண்டாமவர் ஓட்டுகிறார்!

இரண்டாமவர் கணக்கு இது: 4 இலட்சத்து 80 ஆயிரம் விலை. கையிலிருந்த 2 இலட்சம் போக 2 இலட்சத்து 80 ஆயிரம் கடன். ஓடிய வண்டிக்கு வங்கிகள் வட்டியைக் கூட்டுவார்கள். 13 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். நாலாண்டில் தீர்த்தால் மாதம் 7,510 ரூபாய். கடனுக்குக் கட்டுவது 3 இலட்சத்து 61 ஆயிரத்துக்குள். மொத்தம் 5 இலட்சத்து 61 ஆயிரம். பழுதுபார்ப்புக்கென்று, டயரும் பேட்டரியும் கிளட்சும் மாற்றவென்று, இன்னுமொரு இலட்சம் ஒதுக்குங்கள். ஏழாண்டு கழித்து விற்கும்போது புதியதாக வாங்கிய வண்டி கூடுதல் விலை போகும். அதற்காக இரண்டு இலட்சம் தள்ளுங்கள். அத்தனையும் தள்ளிய பிறகும் மூன்றரை இலட்சம் மிச்சம் நிற்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் அது. மூன்றரை இலட்சம் கொடுத்து அவர் வாங்கியிருப்பது எதை? அந்த 'அப்படியா'வைக் கேட்காதிருக்கும் உரிமையை!

மாதம் நாற்பதாயிரம் ஊதியம் பெறுபவர் பன்னிரண்டாயிரத்தைத் தவணைக்கு எழுதிவைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றக் காசின்றி, ஞாயிறு தோறும் துடைத்துத் துடைத்து வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறாரே, அந்த வண்டியில் யார் பவனி வருகிறார்கள்? வங்கி வருகிறது. அவர் பேருந்தில் போகிறார்.

"வரியைக் குறைத்துவிட்டார்களே!" என்று ஒரு குரல் கேட்கிறது. உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 29 விழுக்காடாக இருந்த வரிச்சுமை 18ஆக இறங்கிற்று. புதிய வண்டியின் விலை இறங்கினால் ஓடிய வண்டியின் விலை மட்டும் கொம்பிலே தொங்குமா? அதுவும் இறங்கத்தான் செய்யும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு இரண்டும் ஆதாயம்.

புதியது வாங்குவதே மடமை என்று நாம் சொல்லவில்லை. நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர், வாங்கிய வண்டியைப் பதினைந்தாண்டு பதிவுக்காலம் முழுதும் வைத்திருக்கப் போகிறவர், கடனின்றி வாங்க வல்லவர் ஆகியோருக்குப் புதிய வண்டியே பொருந்தலாம். சந்தையில் தேவை மிகுந்த சில சிறு கார்கள் ஓராண்டு ஓடியும் விலை இறங்காமல் நிற்கும். அங்கே சில ஆயிரம் சேர்த்துப் புதியதை எடுப்பதே அறிவு. கணக்கு எங்கே இட்டுச் செல்கிறதோ அங்கே செல்லட்டும். கணக்கைப் போடாமலே காட்சிக்கூடத்துக்கு ஓடுவதைத்தான் சாடுகிறோம்.

பாதுகாப்பைச் சொல்லி மறுப்போர் சொல்லில் வலு இருக்கிறது, அதை ஒப்புகிறோம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். தடை அமைப்பு 2019 ஏப்ரல் முதல்தான் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 சூலை முதல். அருகில் அமர்பவருக்கான காற்றுப்பை எல்லா வகைக் கார்களுக்கும் 2021 முடிவில். அதற்கு முந்தைய மலிவு வண்டிகள் பலவற்றில் இவை இல்லை. ஆகவே பதிவுச் சான்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் பாருங்கள். 2022க்குப் பிந்தையதாயின் இந்த மறுப்பு பெருமளவு வலுவிழக்கிறது. முந்தையதாயின், விலை மலிவு என்பதற்காகக் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

ஓடிய வண்டி வாங்குவோரிலும் ஒரு கூட்டமுண்டு. சனிக்கிழமை பார்க்கக் கூடாதென்பார்கள். வாங்கிய மறுநாள் பூசணிக்காய் உடைப்பார்கள். ஆனால் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்! 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல்மழையிலும் சென்னையில் எத்தனை கார்கள் கழுத்தளவு நீரில் நின்றன! அவற்றுள் கழுவித் துடைத்துக் காயவைத்து விற்பனைக்கு வந்தவை உண்டு. இருக்கைப் பட்டையை முடியுமட்டும் வெளியே இழுத்துப் பாருங்கள். உட்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். இருக்கைக்கடியில் செல்லும் இரும்புத் தண்டில் துரு இருக்கிறதா, கம்பளத்தடியில் முடைநாற்றம் வீசுகிறதா என்று பாருங்கள். வெள்ளம் பார்த்த வண்டியின் மின்கம்பிகள் ஆறு மாதம் கழித்துத்தான் அழத் தொடங்கும்.

கிலோமீட்டர் காட்டும் கருவியைத் தெய்வவாக்காகக் கொள்ளாதீர்கள். அதைக் குறைத்து வைக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். முப்பதாயிரம் என்று கருவி காட்டும். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து மழுங்கியிருக்கும், ஸ்டீயரிங் வளையத்தின் தோல் வழுவழுப்பாகியிருக்கும். கருவி பொய் சொல்லும், ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சர்வீஸ் செய்த கணக்கைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள், விற்பவர் காட்டுபவரையன்று. சோதிடருக்கு ஆயிரம் தருபவர்கள் மெக்கானிக்குக்கு ஐந்நூறு தர அழுகிறார்களே, அங்கேதான் கெடுகிறது காரியம். கிரகநிலையைப் பார்ப்பவருக்குக் கியர்ப்பெட்டி தெரியாது. புதுப்பேட்டைச் சந்திலே கருத்த கையோடு நிற்கும் தோழனுக்கு, எஞ்சின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் எந்த உருளை இளைத்திருக்கிறதென்று தெரியும். அந்தக் கறையைத்தான் நம் நாடு இழிவென்று ஒதுக்கிற்று.

காகிதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வண்டி கை மாறும். பதிவுச் சான்றில் பெயர் மாறாது. "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார் தரகர். விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். படிவம் 29, படிவம் 30. முன்னவர் கடனில் வாங்கியிருந்தால் வங்கியின் பிடிப்பை நீக்கும் படிவம் 35. காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றாகிவிட்டதே, நமக்கென்ன என்று இருந்த ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர் விற்ற வண்டி மேலும் சில கைகள் மாறி ஓரிடத்தில் விபத்துக்குள்ளாயிற்று. பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே உடையவர், இழப்பீடு அவரே தர வேண்டும் என்று 2018இல் தீர்ப்பாயிற்று. வெறும் கையெழுத்திட்ட படிவங்களைத் தரகரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கும் நண்பர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும். தில்லியிலிருந்து மலிவாக வரும் பழைய டீசல் கார்களைக் கண்டு மயங்குவோரும் உண்டு. இங்கே மறுபதிவும் இங்குள்ள வரியும் சேர்ந்த பிறகு விலை என்னவென்று கேட்டுவிட்டு மயங்கட்டும்.

2023-24இல் இந்நாட்டில் விற்ற புதிய கார்களும் அவையொத்த பயணியர் வண்டிகளும் சற்றேறக்குறைய 42 இலட்சம். அதே ஆண்டில் கை மாறிய ஓடிய வண்டிகள் அதனினும் மிகுதி என்கிறார்கள் சந்தையை ஆய்வோர். பெரும்பான்மையினர் செய்யும் செயல் இது! செய்துவிட்டு, உறவினர் வரும்போது 'இப்போதைக்கு இது போதுமென்று...' என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். தாழ்த்தாதீர்கள், தோழர்களே! 'அப்படியா' என்று இழுப்பவரை உட்காரவைத்து, "உங்கள் மாதத் தவணை எவ்வளவு? இன்னும் எத்தனை மாதம் பாக்கி?" என்று கேளுங்கள்.